சுடுதண்ணீர் ஊற்றாத ரைஃபிள்

புதிதாக வந்திருக்கும் நிவேதாவுக்கும் அசோக்குக்கும்,

இருபத்தொன்பது வயசில் ஒருத்தன் ரிட்டயர் ஆகிறவன் மாதிரி உபதேசம் பண்ண உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் துப்பாக்கிக் கடையில் ஏழு வருஷமாக நான் குனிந்து உட்கார்ந்த பெஞ்ச் இது. வெள்ளிக்கிழமையோடு இது உங்களுடையது. நான் கோயம்புத்தூருக்கு, அளவுக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். "போறதுக்கு முன்னாடி இந்தப் புள்ளைங்களுக்கு எதனா எழுதி வச்சிட்டுப் போ. வாயால சொன்னா நீ ஜோக் அடிச்சிட்டுப் பூடுவ" என்று நம் முதலாளி மதாம் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். அதனால் எழுதுகிறேன்.

போல்ட்டை எப்படிக் கழற்றுவது, ஸ்பிரிங் துள்ளி ஓடாமல் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைக் கையே கற்றுக்கொள்ளும். கை கற்றுக்கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன்.

பெஞ்சின் இடது மூலையில் மூடியில் சிவப்பு பெயின்ட் அடித்த எலெக்ட்ரிக் கெட்டில் ஒன்று இருக்கிறது. அதில் டீ போடக்கூடாது என்று ரிஜிஸ்தர் எழுதும் ரெஜினா உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பாள். ஏன் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, ஒரு வருஷம் முழுக்க அதைத் தூக்கி அலமாரிக்குள் போட்டு வைத்தவன் நான்.

அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தோட்டாவின் அடியில், நடுவில், ஊசி போய்க் குத்துவதற்கென்று சின்ன வட்டம் ஒன்று இருக்குமே, அதுதான் பிரைமர். இப்போது வருகிற பிரைமர் சுட்ட பிறகு பெரிய தொல்லை தராது. பழைய தோட்டாக்களில் இருக்கும் மருந்து வேறு. அது வெடித்து முடிந்ததும் குழலுக்குள் ஒரு உப்பை விட்டுவிட்டுப் போகும். நம் சமையல் உப்புக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் வீட்டு உப்பு ஜாடி எப்படிக் கசியும்? காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று ஆகும். குழலுக்குள்ளும் அதே கதை. நம் கடையோ உப்பளம் பகுதியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். உப்பும் வேண்டாம் மருந்தும் வேண்டாம், வெறும் காற்றே இரும்பை என்ன பண்ணும் என்று தெரிய வேண்டுமானால் ஷட்டரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள்.

உப்பு எண்ணெயில் கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால் பழைய தோட்டா சுட்ட துப்பாக்கி வந்தால் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, புனல் வைத்து, குழலுக்குள் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு துடைத்து, காய வைத்து, எண்ணெய் போட வேண்டும். மறுநாள் காலையில் இன்னொரு முறை வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். துணியில் பழுப்பு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. இதுதான் இந்தக் கடையின் வழக்கம். மதாமின் கணவர் இருந்த காலத்திலிருந்து உள்ளது.

நான் படித்தவன். மெக்கானிக்கல். இரும்புக்குள் தண்ணீரை ஊற்றுவது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. ஆன்லைனில் ஒரு வெளிநாட்டு ஃபோம் வாங்கினேன். குழலுக்குள் பீய்ச்சினால் நுரைத்துக்கொண்டு வரும். கால் மணி நேரத்தில் கரியையும் செம்பையும் நீல நிறமாக வெளியே தள்ளும். அப்புறம் விடுகிற துணி பால் மாதிரி வெள்ளையாக வரும். அதை ரெஜினாவிடம் தூக்கிக் காட்டினேன்.

"பாத்தியா? இதுக்குப் பேரு கெமிஸ்ட்ரி. கெட்டில்ல தண்ணி கொதிக்க வைக்கிறது டீக்கடை."

"சரிங்க இன்ஜினியர் சார்" என்றாள் அவள், டெபாசிட் ரிஜிஸ்தரிலிருந்து தலையைத் தூக்காமல். "டீக்கடைன்னா டீயாவது கெடைக்கும்."

ஒரு வருஷம் ஃபோம்தான். ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அந்த வருஷம் என் பெஞ்சுக்கு வந்தவை எல்லாம் புதுத் தோட்டா சுட்ட துப்பாக்கிகள். அதை நான் என் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளைத் துணி உப்பைக் காட்டாது. உப்பும் வெள்ளைதான்.

அப்போது தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ நம்மைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்த பிறகுதான் திரும்ப எடுக்கலாம். நீங்கள் இன்னும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாசம் அவகாசம் இருந்தாலும் நம் ஆட்கள் கடைசி நாள் மதியம்தான் வருவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். படிக்கட்டு வரைக்கும் வரிசை. ரெஜினா எழுதிக்கொண்டே இருக்கிறாள். நான் வாங்கி, பார்த்து, துடைத்து, சீட்டுக் கட்டி, உறையில் போட்டு, அடுக்குகிறேன். ரிஜிஸ்தரில் "நிலை" என்று ஒரு கட்டம் உண்டு. துப்பாக்கி எந்த நிலையில் வந்தது என்று நான் பார்த்துச் சொல்ல, அவள் எழுத வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

நாலு மணி வாக்கில் ஏழுமலை அண்ணன் வந்தார். நோணாங்குப்பத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு சொந்த ரைஃபிளோடு காவல் வேலை பார்ப்பவர். அந்த வேலையில் ஆளை மட்டும் பார்த்து எடுப்பதில்லை, துப்பாக்கியையும் ஆளையும் சேர்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அவர் காவல் காத்த தொழிற்சாலை அப்போதுதான் மூடியிருந்தது. தேர்தல் முடிந்ததும் ஒரு நகைக்கடையில் சேர்வதாகப் பேச்சு.

"தம்பி, காலையில ரேஞ்சுக்குப் போயி அஞ்சு ரவுண்டு சுட்டேன். கை மறந்துடக் கூடாது இல்ல? பழைய தோட்டா. இந்த ரைஃபிளை வித்தவரு கூடவே குடுத்த பொட்டி. புதுசை டூட்டிக்குன்னு வச்சிக்கினேன்."

உள்ளங்கையில் காலித் தோட்டா ஒன்றை வைத்துக் காட்டினார். பித்தளை கறுத்துப் போயிருந்தது.

"வூட்டுக்குப் போய் கழுவிட்டு வர நேரமில்ல. நீ சுடுதண்ணி ஊத்தி வச்சிடு."

"குடுங்கண்ணே." டார்ச் அடித்துக் குழலைப் பார்த்தேன். "கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க!"

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. பெஞ்சில் வைத்துவிட்டு ரெஜினா பக்கம் கையெழுத்துப் போடப் போனார்.

கெட்டில் அலமாரிக்குள். எடுத்து, கழுவி, கொதிக்க வைத்து... பின்னால் இன்னும் பதினஞ்சு பேர். நான் ஃபோமைப் பீய்ச்சினேன். துணி வெள்ளையாக வந்தது. எண்ணெய் போட்டு உறையில் வைத்தேன்.

அவர் கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிக் கேட்டார். "ஊத்திட்டியா தம்பி?"

நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ முறை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது இன்றுவரை சமாதானமாக ஆகவில்லை. "இன்னும் இல்லண்ணே" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திரும்பி வந்து, பெஞ்ச் முன்னால் நின்று, ஊற்றும் வரை நகர்ந்திருக்க மாட்டார். பத்து நிமிஷம் போயிருக்கும். அவ்வளவுதான்.

முடிவு வந்து, துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்த புதன்கிழமை உறைகளைப் பிரித்தோம். ஏழுமலை அண்ணன் வியாழக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நகைக்கடைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் துப்பாக்கியைச் சோதிப்பார்கள். திங்கள்கிழமை வேலை.

அவர் ரைஃபிளுக்குள் துணியை விட்டேன். பாதி வழியில் துணி சிக்கியது. வெளியே இழுத்தபோது செங்கல் பொடியில் புரட்டி எடுத்த மாதிரி வந்தது.

ஓடிப்போய்க் கெட்டிலைத் தேடி எடுத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். பிரஷ் போட்டேன். மறுபடி ஊற்றினேன். சிவப்பாகத் தண்ணீர் வருவது நின்றது. போனில் மாட்டுகிற சின்ன கேமராவை உள்ளே விட்டேன். ரெஜினா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாது இது, நிலாவைப் போட்டோ புடிச்ச மாதிரி?"

குழிகள். தோட்டா உட்காரும் இடத்தைத் தாண்டியதும் ஆரம்பித்து விரற்கடை நீளத்துக்கு ஆழமாக, அப்புறம் அங்கங்கே. துருவைத்தான் எடுக்க முடியும். துரு தின்ற இரும்பைத் திருப்பி வைக்க முடியாது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். மதாம் கடையில் இல்லை.

முதலில் பாலிஷ் போட்டேன். பேஸ்ட் தடவி, ராடில் துணி சுற்றி, தோள் வலிக்கும் வரை. குண்டு வெளியே வரும் வாய்ப்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. ஆழமான குழிகள் எல்லாம் தோட்டா உட்காரும் அந்தக் கோடியில். ஏஜென்சிக்காரர் வாய்ப்பக்கம் ஒருமுறை பார்ப்பார், போல்ட்டை இரண்டு தரம் இழுத்து விடுவார், கையெழுத்துப் போடுவார். பாஸ் ஆகிவிடும். நிச்சயமாகப் பாஸ் ஆகிவிடும். ஏழுமலை அண்ணனுக்கு வேலை கிடைக்கும், எனக்கும் தலைகுனிவு இல்லை. எல்லாருக்கும் நல்லது என்று ஒரு கணக்கு மனசுக்குள் வேகமாக ஓடியது. நமக்குச் சாதகமான கணக்கு எப்போதுமே வேகமாகத்தான் ஓடும். அந்தக் குழி எவ்வளவு ஆழம், அந்த இடத்தில் குழல் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அளந்து சொல்ல நம்மிடம் கருவி கிடையாது. அது மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. சுடும்போது அவர் கன்னம் அந்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும்.

அந்தச் சாண் கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு பேஸ்ட்டை மூடினேன். சரி, பாலிஷ் வேண்டாம், துருவை மறைக்க வேண்டாம். ஆனால் துரு இங்கே பிடித்ததுதான் என்று யார் சொன்னது? ரிஜிஸ்தரைப் பிரித்தேன். அவர் பெயர், லைசென்ஸ் நம்பர், கையெழுத்து. "நிலை" என்ற கட்டம் காலி. நான் எழுதச் சொல்லாத கட்டம். "குழலுக்குள் துரு" என்று இரண்டு வார்த்தை போட்டால், அவர் கையெழுத்து ஏற்கனவே அதற்குக் கீழே இருந்தது.

பேனாவை எடுத்தேன்.

"இன்னா எழுதப் போற?" ரெஜினா.

"வந்தப்ப இருந்த நிலைமையை."

"வந்தப்ப இன்னா நிலைமை?"

பேனாவைக் கட்டத்துக்கு மேலேயே பிடித்திருந்தேன்.

"அன்னிக்கு நானும் இங்கதான் உக்காந்திருந்தேன், இன்ஜினியர் சார். 'கண்ணாடி மாதிரி'ன்னு நீதான் சொன்ன. அந்த ஆளு கையெழுத்துப் போடும்போது என்னண்ட, 'பாத்தியாம்மா, தம்பி சொல்லுது'ன்னுட்டு சிரிச்சாரு." ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது என் கையெழுத்துல ஓடுற நோட்டு. இதுல உன் எழுத்து வேணாம்."

அவள் சத்தம் போடவில்லை. என்னை ஒழுங்காகப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மதாம் திரும்பி வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "அலோர்?" என்றார். எல்லாவற்றுக்கும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார், என்ன விஷயம், சொல்லு என்கிற மாதிரி. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கெட்டில், ஃபோம், தலையாட்டல் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவையும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவருக்கு யாரு சொல்றது, நீயா நானா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில வருவாரு மதாம். அப்ப நானே..."

"நாளைக்கு வந்து தெரிஞ்சிக்கிட்டா அவருக்கு ஒரு நாளு போச்சு. இன்னிக்கே தெரிஞ்சா ஏஜென்சியில பேசிப் பாப்பாரு, வேற எதனா வழி தேடுவாரு. அந்த ஒரு நாளு அவரோடது. அதை நீ வச்சிக்காத."

இந்தத் தொழிலில் நான் கேட்ட புத்திகளிலேயே இதுதான் பெரியது. தப்பு நடந்த பிறகு நம் கையில் மிஞ்சுவது அடுத்தவருடைய நேரம் மட்டும்தான். நமக்குத் தைரியம் வரட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் அவர் பையிலிருந்து நாம் எடுப்பது.

வண்டியை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பத்துக்குப் போனேன். பாலம் தாண்டும்போது படகுத் துறையில் ஆட்கள் பீச்சுக்குப் போக ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தனாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

வீட்டுக்குள் அவர் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வா தம்பி, நாளைக்கு நான்தான வரணும்?" என்றார். அவர் மனைவி டீ போட உள்ளே போனார். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஸ்விட்சை அணைத்தார்.

"ஊத்திட்டியான்னு கேட்டேனே?"

"கேட்டீங்கண்ணே."

"தலைய ஆட்டுன."

"ஆமாண்ணே."

"ஊத்தல."

"ஊத்தல."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "சக்கரை போடலாமா தம்பிக்கு?" என்று கேட்டார். அவர், "போடு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, மடித்த யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். நான் டீயைக் குடித்தேன். குடிக்காமல் வரவும் தைரியம் இல்லை.

ஏஜென்சியில் பேசிப் பார்த்தார். துப்பாக்கி இல்லாமல் ஆள் வேண்டாம் என்றார்கள். திங்கள்கிழமை அந்த நகைக்கடை வாசலில் வேறு ஒருவர் நின்றார்.

மதாம் ஒன்று செய்தார். ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் கண் முன்னாலேயே அந்தக் காலிக் கட்டத்தை ரெஜினாவை எழுத வைத்தார். "நல்ல நிலையில் பெறப்பட்டது. எங்கள் கவனக்குறைவால் குழல் துருப்பிடித்தது." கீழே அன்றைய தேதியைப் போடச் சொல்லி, தானும் கையெழுத்துப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். நகலை அவரிடம் கொடுத்தார். புதுக் குழல் மாற்ற ரைஃபிளைக் கடை செலவில் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அனுப்பினோம். திரும்பி வர ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த ஒரு வருஷம் அவர் முதலியார்பேட்டையில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் விசிலும் பிரம்புமாக உட்கார்ந்திருந்தார். நான் குடியிருப்பதும் அந்தத் தெருவை ஒட்டித்தான். தினம் காலையில் அந்த வழியாகத்தான் வருவேன். வேறு வழியும் இருக்கிறது, மாற்றிக்கொள்ளவில்லை. எல்லா வண்டிக்கும் தூக்குகிற மாதிரியே என் வண்டிக்கும் கையைத் தூக்குவார். ஒருநாள்கூடத் தூக்காமல் இருந்ததில்லை. ஒருநாள்கூடச் சிரித்ததும் இல்லை.

கெட்டிலை நான்தான் சிவப்பு பெயின்ட் அடித்து பெஞ்சில் வைத்தேன். பழைய தோட்டா எது, புதுசு எது என்று பார்வையில் சொல்ல முடியாது. கறுத்திருந்தால் சந்தேகப்படுகிறோம், பளபளப்பாக இருந்தால் நம்பிவிடுகிறோம், இரண்டும் தப்பு. தெரியவில்லை என்றால் ஊற்றுங்கள். ஊற்றியதால் கெட்ட துப்பாக்கி ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

குழல் மாறி வந்த பிறகு அவருக்கு வேறு ஒரு இடத்தில் வேலை கிடைத்தது. அடுத்த தேர்தலும் வந்தது. கடைசி நாள் வரை காத்திருக்காமல் முதல் வாரமே வந்தார். அவர் படியேறுவதைப் பார்த்ததும் நான் கெட்டிலைப் போட்டுவிட்டேன். பெஞ்சுக்கு வந்தபோது ஆவி பறந்துகொண்டிருந்தது.

"காலையில அஞ்சு ரவுண்டு" என்றார். அவ்வளவுதான். கெட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு பிளாஸ்கை வெளியே எடுத்தார்.

வீட்டிலிருந்தே சுடுதண்ணீர் கொண்டு வந்திருந்தார்.

"புனலைப் புடி" என்றார்.

பிடித்தேன். அவரே ஊற்றினார். அவசரப்படாமல், நூல் பிடித்த மாதிரி. வாய்ப்பக்கம் முதலில் சாம்பல் நிறமாக வந்து, பிறகு தெளிந்தது. விரலில் சுட்டது, எடுக்கவில்லை. துடைத்தார், எண்ணெய் போட்டார், "நிலை" கட்டத்தில் ரெஜினா எழுதுவதைக் கூடவே நின்று படித்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றார். வெள்ளைத் துணியை அவரே உள்ளே விட்டு இழுத்தார். வெள்ளையாகவே வந்தது. வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நிவேதா, அசோக், அடுத்த தேர்தலுக்கு அவர் வரும்போது இந்த பெஞ்சில் நீங்கள் இருப்பீர்கள். கெட்டிலைக் கொதிக்க வையுங்கள். அவர் அதைத் தொட மாட்டார், இருந்தாலும் வையுங்கள். பிளாஸ்கை எடுத்தால், எதுக்குண்ணே, நாங்கதான் இருக்கோமே என்று சொல்லிவிடாதீர்கள். புனலைப் பிடியுங்கள்.

படியிறங்குவதற்கு முன்னால் அவர் ஒருவேளை திரும்பிப் பார்த்து ஏதாவது கேட்கலாம். தலையை ஆட்டாதீர்கள். வாயால் பதில் சொல்லுங்கள்.